ஏ320 விமானம்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

விமானங்களைத் தரையில் பராமரிக்கும் வேலை என்னுடையது. அது தெரிந்ததும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் பக்கத்து சீட்டில் உட்காருபவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஏர்பஸ் நிறுவனம் செய்யும் ஏ320 பற்றித்தான். குறுகிய, நடுத்தரத் தூரப் பயணங்களில் அதிகம் பேர் ஏறுவது அதில்தானே. விமானத்தின் இயல்பு எது, விமான நிறுவனத்தின் முடிவு எது என்று பிரித்துச் சொன்னாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

ஏ318, ஏ319, ஏ320, ஏ321னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?

ஒரே குடும்பம், நீளம்தான் வேறு. ஏ320 மூத்தது, 1987 பிப்ரவரி 22 அன்று பிரான்சின் துலூஸ் நகரில் முதலில் பறந்தது. அடுத்த வருடம் ஏர் பிரான்ஸ் அதைப் பயணத்துக்கு எடுத்தது. அப்புறம் நீட்டி ஏ321, சுருக்கி ஏ319, இன்னும் சுருக்கி ஏ318 வந்தன. நீளத்தில் ஏ318 31.44 மீட்டர், ஏ319 33.84, ஏ320 37.57, ஏ321 44.51. ஏ318 அதிகம் விற்கவில்லை, மொத்தமே 80தான் செய்தார்கள்.

காக்பிட் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றை ஓட்டத் தகுதி பெற்ற பைலட், வேறுபாடுகளுக்கான சிறு பயிற்சியோடு மற்றதையும் ஓட்டலாம். விமான நிறுவனங்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது கீழே ஒரு கேள்வியில் வரும்.

நேரோபாடின்னா ஒல்லியான விமானம்னு அர்த்தமா?

ஆமாம். நடுவில் ஒரே ஒரு நடைபாதை, பக்கத்துக்கு மூன்று சீட். இரண்டு நடைபாதை இருந்தால் அது வைட்பாடி. ஏ320-இன் கேபின் உள் அகலம் 3.70 மீட்டர். போட்டி விமானமான போயிங் 737-இல் அது சுமார் 3.54 மீட்டர். வித்தியாசம் 16 சென்டிமீட்டர்தான், ஆனால் ஆறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம் கிடைக்கிறது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஒரு அங்குலத்தின் அருமை தெரியும்.

அளவு, எடை, வேகம் எல்லாத்தையும் ஒரே இடத்துல சொல்லுங்களேன்.

இப்போது தயாராகும் ஏ320 நியோவை எடுத்துக்கொள்வோம். நீளம் 37.57 மீட்டர், வால் உச்சி வரை உயரம் 11.76 மீட்டர். புறப்படும்போது அதிகபட்சம் 79 டன் இருக்கலாம். டாங்குகளில் சுமார் 24,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு, அதாவது மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். 39,000 அடி வரை ஏறும். ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர் போகும்.

இறக்கையின் முனைக்கு முனை 35.80 மீட்டர். இந்த எண் ஏன் 36-ஐத் தொடாமல் நிற்கிறது தெரியுமா? விமான நிலையங்களில் நிறுத்துமிடங்களை இறக்கை அகலத்தை வைத்து வகைப்படுத்துகிறார்கள். இந்த ரக விமானங்களின் வகுப்புக்கு எல்லை 36 மீட்டர். அதைத் தாண்டினால் பெரிய விமானத்துக்கான இடம் கேட்க வேண்டும். 20 சென்டிமீட்டர் மிச்சம் வைத்து முடித்திருக்கிறார்கள்.

நியோன்னு வெளியில எழுதியிருக்கே, பழசுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்?

முக்கியமாக எஞ்சின். பழைய ஏ320-இல் சிஎஃப்எம்56 அல்லது வி2500 எஞ்சின் இருக்கும். நியோவில் சிஎஃப்எம் லீப், இல்லையென்றால் பிராட் அண்ட் விட்னியின் கியர் வைத்த எஞ்சின். இரண்டில் எது என்பது வாங்கும் நிறுவனத்தின் தேர்வு. எரிபொருள் 15 சதவீதம் மிச்சமாகும் என்பதுதான் ஏர்பஸ் கொடுத்த வாக்கு. 2010 டிசம்பரில் அறிவித்தார்கள், 2014 செப்டம்பரில் முதல் பறப்பு, 2016 ஜனவரியில் முதல் விமானம் லுஃப்தான்சாவுக்குப் போனது.

மிச்சம் எங்கிருந்து வருகிறது என்றால், முன்னால் சுழலும் விசிறியிலிருந்து. சிஎஃப்எம்56-இல் விசிறியின் விட்டம் 1.73 மீட்டர். லீப்பில் 1.98, பிராட் அண்ட் விட்னியில் 2.06. பெரிய விசிறி அதிகக் காற்றை மெதுவாகத் தள்ளும். அதே உந்துவிசைக்குக் குறைந்த எரிபொருள் போதும், சத்தமும் குறையும். நியோவில் ஏறியவர்கள் ‘அமைதியா இருந்துச்சே’ என்று சொல்வது இதனால்தான்.

இறக்கை முனையில் மேல்நோக்கி வளைந்த 2.4 மீட்டர் மடல், அதாவது ஷார்க்லெட், நியோவின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய ரகத்திலும் 2012 கடைசியிலிருந்து அது வரத் தொடங்கிவிட்டது. அதனால் முனையைப் பார்க்காதீர்கள், எஞ்சினின் பருமனைப் பாருங்கள்.

தூரத்துல நிக்கிறது ஏ320-ஆ போயிங் 737-ஆன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மூக்கும் வாலும் போதும். ஏ320-இன் மூக்கு உருண்டை, 737-இன் மூக்கு கூர்மை. 737-இல் வால் செங்குத்தாக எழுவதற்கு முன் முதுகில் சரிவாக ஒரு துடுப்பு தொடங்கும். ஏ320-இல் அது இல்லை.

மேலே ஏறும்போது வயிற்றைப் பார்த்தால் சந்தேகமே வராது. 737-இன் பெரிய சக்கரங்களுக்கு முழு மூடி கிடையாது, இரண்டு கறுப்பு வட்டங்கள் தெரியும். ஏ320-இல் கதவு மூடி வழவழப்பாகிவிடும். இன்னொன்று: 737 தரைக்கு நெருக்கமாக நிற்கும், 1960-களின் வடிவமைப்பு அது. பிற்பாடு பெரிய எஞ்சின் வைத்தபோது உறையின் அடிப்பக்கத்தைத் தட்டையாக்க வேண்டி வந்தது. ஏ320 முதலிலிருந்தே உயரமாக நிற்பதால் நியோவின் பெரிய எஞ்சினுக்கு அந்தச் சிரமம் வரவில்லை.

போன தடவை காலை நீட்ட இடம் இருந்துச்சு, இந்தத் தடவை முட்டி இடிச்சுது. ரெண்டுமே ஏ320 தானே?

ஆமாம், ஏ320தான். ஆனால் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவில் எவ்வளவு விடுவது என்பதை ஏர்பஸ் முடிவு செய்வதில்லை. தரையில் நீளமாகத் தண்டவாளம் போல ஒன்று ஓடும். சீட் வரிசையை அதில் ஒவ்வொரு அங்குலமாக நகர்த்திப் பூட்டலாம். ஒரு நிறுவனம் 32 அங்குலம் விடும், இன்னொன்று 28. இரண்டு வகுப்பு வைத்தால் 150 சீட் அளவில் வரும். ஒரே வகுப்பாக நெருக்கிப் போட்டால் 180, 186 வரை போகிறார்கள். பின்பக்கக் கழிவறைகளைச் சமையலறைச் சுவரோடு சேர்த்து நகர்த்தி மிச்சப்படுத்திய இடத்தில் ஒரு வரிசையைச் சேர்த்ததால் வந்தது அந்தக் கூடுதல் ஆறு.

உச்சவரம்பு இல்லாமலும் இல்லை. பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 வினாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்ட வேண்டும். அதற்கு மேல் ஒரு சீட் கூடப் போட விடமாட்டார்கள். சீட் அகலம் மட்டும் எந்த நிறுவனத்திலும் அதிகம் மாறாது. அது உடம்பின் அகலத்தோடு வந்தது, இரண்டாவது கேள்வியில் சொன்னேனே.

தரையில நிக்கும்போது அடியிலிருந்து நாய் குரைக்கிற மாதிரி, ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஏதாவது கழண்டு போச்சா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. எதுவும் கழலவில்லை. அந்தச் சத்தம் பிடியூ என்ற சாதனத்திலிருந்து வருகிறது. ஏ320-இல் பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள், அதாவது திரவத்தின் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் அமைப்புகள் உண்டு. சக்கரம், பிரேக், இறக்கை மடிப்புகள், வால் பாகங்கள் எல்லாவற்றையும் அசைப்பது இவைதான். பச்சைக்கு அழுத்தம் இடது எஞ்சினிலிருந்து, மஞ்சளுக்கு வலது எஞ்சினிலிருந்து. நீலத்துக்குத் தனி மின்சார பம்ப்.

பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பது பிடியூ. ஒரு பக்கத்து அழுத்தம் இன்னொரு பக்கத்தைவிட 500 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் குறைந்தால், பலமுள்ள பக்கம் ஒரு மோட்டாரைச் சுழற்ற, அது மறுபக்கத்து பம்பைச் சுழற்றும். திரவம் கலக்காது, சக்தி மட்டும் கைமாறும். தரையில் எரிபொருளை மிச்சப்படுத்த ஒரே எஞ்சினில் ஓட்டிப் போவார்கள் அல்லவா, அப்போது இது வேலை செய்யும். அழுத்தம் ஏறியதும் நிற்கும், இறங்கியதும் மறுபடி ஓடும். அந்த விட்டுவிட்டு ஓடுவதுதான் ‘வவ், வவ்’ என்று கேட்கிறது. இறக்கைக்கு நேராக உட்கார்ந்தால் காலடியிலேயே கேட்கும். இரண்டாவது எஞ்சினைக் கிளப்பும்போது வருவது அதன் சுய சோதனை; அன்று அந்தச் சத்தம் வராவிட்டால்தான் எங்களுக்கு வேலை.

வந்து நின்றபின் சின்னதாக ஊளையிடும் சத்தம் கேட்டால் அது வேறு. சரக்கு அறைக் கதவைத் திறக்க மஞ்சள் அமைப்பின் மின்சார பம்ப் ஓடுகிறது. உங்கள் பெட்டி இறங்கப்போகிறது.

மேல ஏறின கொஞ்ச நேரத்துலயே எஞ்சின் சத்தம் குறைஞ்சு, கீழ இறங்குற மாதிரி இருக்கே?

புறப்படும்போது கொடுத்த உந்துவிசையை, தரையிலிருந்து ஆயிரம் ஆயிரத்தைந்நூறு அடி போனதும் பைலட் ஏறுவதற்கான அளவுக்குக் குறைப்பார். மூக்கும் கொஞ்சம் தாழும். காதுக்கு அது விழுவது போலத் தோன்றும், விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

இறக்கை மேல மஞ்சளா ஒரு சின்னக் கொக்கி இருக்கு. ஜன்னலுக்கு மேல கறுப்பா ஒரு முக்கோணம். இதெல்லாம் எதுக்கு?

தண்ணீரில் இறங்க நேர்ந்தால் இறக்கை வழியாக வெளியேறுவீர்கள். ஈர அலுமினியம் பாசி படிந்த படி மாதிரி வழுக்கும். இறக்கை மேலுள்ள அவசரக் கதவின் சட்டத்தில் ஒரு கயிறு சுருட்டி வைத்திருக்கிறார்கள். அதன் முனையை அந்த மஞ்சள் கொக்கியில் மாட்டினால் கைப்பிடி தயார். உள்சுவரில் உள்ள முக்கோணம், இறக்கையை நன்றாகப் பார்க்க முடிகிற ஜன்னல்களைக் காட்டுகிறது. பனி உறைந்திருக்கிறதா, மடிப்புகள் சரியாக விரிந்தனவா என்று பார்க்க வரும் ஊழியர் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். படம் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கும் அந்த சீட் நல்லது.

ஏ320-இல ஸ்டியரிங்கே கிடையாதாமே? கம்ப்யூட்டர்தான் ஓட்டுதா?

பைலட்டின் முன்னால் பெரிய கைப்பிடி இல்லை என்பது உண்மை. பக்கவாட்டில், ஒரு கைக்குள் அடங்கும் சிறிய குச்சி இருக்கிறது. கேப்டனுக்கு இடது கைப்பக்கம், துணை பைலட்டுக்கு வலது கைப்பக்கம். முன்னால் காலியான இடத்தில் இழுக்கக்கூடிய ஒரு மேசை. குச்சியிலிருந்து இறக்கைக்கும் வாலுக்கும் கம்பி ஓடுவதில்லை. பைலட் அசைத்ததை மின்சமிக்ஞையாகக் கம்ப்யூட்டர்கள் வாங்கி ஹைட்ராலிக்குக்கு உத்தரவு கொடுக்கின்றன. பயணிகள் விமானத்தில் இதை முழுக்க டிஜிட்டலாகச் செய்தது ஏ320தான் முதலில்.

எங்கே போக வேண்டும் என்பதை முடிவு செய்வது மனிதர். கம்ப்யூட்டர் எல்லை காக்கிறது. சாதாரண நிலையில் குச்சியை முழுவதும் தள்ளினாலும் 67 டிகிரிக்கு மேல் சாயாது, மூக்கு 30 டிகிரிக்கு மேல் தூக்காது, 15-க்குக் கீழே தாழாது. வேகம் அபாயமாகக் குறைந்தால் எஞ்சின் தானாகவே முழு விசைக்குப் போகும்.

எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. இரண்டு குச்சிகளும் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. ஒருவர் என்ன செய்கிறார் என்பதை மற்றவர் கையால் உணர முடியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் குரல் எச்சரிக்கை வரும், ஒரு பொத்தானை அழுத்தி ஒருவர் கட்டுப்பாட்டைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளலாம். அது போதும் என்பவர்களும் உண்டு, 737 மாதிரி சேர்ந்து அசையும் கைப்பிடிதான் நல்லது என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது கட்சி.

அந்தக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் செத்துப்போனா?

மொத்தம் ஏழு, மூன்று வகை: ஈலாக் என்ற வகை இரண்டு, செக் மூன்று, ஃபாக் இரண்டு. வேலை தங்களுக்குள் பகிரப்பட்டிருக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். பல ஒன்றாகப் பழுதானால் மேலே சொன்ன எல்லைக்காவல் படிப்படியாக விலகும். கடைசிப் படியில் குச்சியை எவ்வளவு தள்ளினீர்களோ அவ்வளவு அசையும், பழைய விமானம் போல. ஏழும் ஒன்றாகப் போனால்கூட, பழைய ஏ320-இல் வால் தளத்தை நகர்த்தும் சக்கரமும் கால் மிதிகளும் கம்பி வழியாக வேலை செய்யும். அதை வைத்து விமானத்தை நேராக வைத்திருந்து, கம்ப்யூட்டரை மறுபடி உயிர்ப்பிக்க அவகாசம் தேடிக்கொள்ளலாம்.

2025-இல சூரியக் கதிர் பட்டு கம்ப்யூட்டர் கெட்டுச்சுன்னு எல்லா ஏ320-ஐயும் நிறுத்தினாங்களே?

எல்லாவற்றையும் இல்லை, சுமார் 6,000 விமானங்களை. 2025 அக்டோபர் 30 அன்று ஒரு ஜெட்ப்ளூ ஏ320 பறந்துகொண்டிருக்கும்போது பைலட் எதுவும் செய்யாமலே மூக்கைத் தாழ்த்தியது. சிலருக்குக் காயம், விமானத்தை டாம்பாவில் இறக்கினார்கள். முந்தைய பதிலில் சொன்ன ஈலாக் கம்ப்யூட்டரில், ஒரு குறிப்பிட்ட மென்பொருள் பதிப்பு இருந்தால், தீவிர சூரியக் கதிர்வீச்சு தரவைக் கெடுக்கக்கூடும் என்று ஏர்பஸ் நவம்பர் கடைசியில் அறிவித்தது.

பெரும்பாலானவற்றுக்கு முந்தைய பதிப்பை மறுபடி ஏற்றியதோடு முடிந்தது, சில மணி நேர வேலை. சில பழைய விமானங்களுக்கு அந்தக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டியிருந்தது. பயணம் ரத்தாகி அன்று தவித்தவர்களின் கோபம் புரிகிறது. ஆனால் ஒரே ஒரு சம்பவத்தை வைத்து ஆயிரக்கணக்கான விமானங்களை உடனே தொட்டதைத்தான் நான் பாதுகாப்பு என்கிறேன்.

ஒரு எஞ்சின் நின்னுட்டா? ரெண்டுமே நின்னுட்டா?

ஒன்று நின்றால் இன்னொன்றோடு ஏறலாம், பறக்கலாம், இறங்கலாம். ஓடுபாதையில் வேகம் எடுத்த பிறகு ஒன்று போனால்கூடப் புறப்பட முடியும் என்று காட்டாமல் சான்றிதழ் தருவதில்லை.

இரண்டும் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. 35,000 அடியிலிருந்து காற்றில் சறுக்கியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் போகலாம். மின்சாரம் மொத்தமாகப் போனால் வயிற்றிலிருந்து ஒரு சிறு காற்றாடி தானாக விழுந்து சுழன்று, நீல ஹைட்ராலிக்குக்கு அழுத்தமும் அதன் வழியே அவசர மின்சாரமும் கொடுக்கும். 737-இல் அந்தக் காற்றாடி கிடையாது.

உயரம் இல்லாத இடத்தில் இது நடந்ததும் உண்டு. 2009 ஜனவரி 15 அன்று யுஎஸ் ஏர்வேஸ் ஏ320 நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு மூவாயிரம் அடியைக்கூடத் தொடாத நேரத்தில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு எஞ்சினும் விசையிழந்தன. மூன்றரை நிமிடத்தில் கேப்டன் சல்லன்பெர்கர் ஹட்சன் ஆற்றில் இறக்கினார். வாலில் உள்ள துணை எஞ்சினை உடனே கிளப்பியதால் மின்சாரம் போகவில்லை, எல்லைக்காவலும் கடைசி வரை இருந்தது. 155 பேரும் பிழைத்தார்கள். இறக்கை மேல் வரிசையாக அவர்கள் நின்ற படத்தைப் பார்த்தால் மஞ்சள் கொக்கி எதற்கு என்று புரியும்.

ஆபத்துன்னா எரிபொருளை வானத்துலயே கொட்டிட்டு இறங்குவாங்களாமே?

பெரிய விமானங்கள் சில கொட்டும். ஏ320 குடும்பத்தில் அந்த வசதியே இல்லை. ஏ320 நியோ 79 டன்னோடு புறப்படலாம், ஆனால் சாதாரணமாக இறங்க 67 டன் அளவில்தான் இருக்க வேண்டும். அவசரம் இல்லையென்றால் சுற்றிச் சுற்றி எரித்துத் தீர்ப்பார்கள். 2005 செப்டம்பர் 21 அன்று ஒரு ஜெட்ப்ளூ ஏ320-இன் முன்சக்கரம் குறுக்காகத் திரும்பிக்கொண்டபோது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டுத்தான் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியது. முன்சக்கரம் தீப்பொறி பறக்கத் தேய்ந்தது, யாருக்கும் காயமில்லை. ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாத நிலை என்றால் அதிக எடையோடேயே இறக்கிவிடுவார்கள்; பிறகு நாங்கள் சக்கரம் முதல் இறக்கை மூட்டு வரை அலசிப் பார்ப்போம்.

புது நியோ விமானங்களை ஏன் கூட்டம் கூட்டமா ஓரங்கட்டி வச்சிருக்காங்க?

பிராட் அண்ட் விட்னி எஞ்சின் உள்ளவற்றை. 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த சில எஞ்சின்களில், உள்ளே சுழலும் டர்பைன் வட்டு செய்யப் பயன்படுத்திய உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது. வட்டில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விரிசல் விழலாம் என்று 2023 ஜூலையில் சொன்னார்கள். எஞ்சினைக் கழற்றிப் பிரித்துத்தான் சோதிக்க முடியும். பட்டறைகளில் இடம் கிடைக்காமல் மாதக்கணக்கில் வரிசை நின்றது. லீப் எஞ்சின் வாங்கிய நிறுவனங்களுக்கு இந்தத் தொல்லை வரவில்லை.

இவ்வளவு சின்ன விமானத்துல கடலைத் தாண்டலாமா?

தாண்டுகிறார்கள். ஒற்றை எஞ்சினில் இத்தனை நிமிடத்துக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்ட முடியும் என்ற கணக்குக்குள் பாதை போட வேண்டும். ஏ320 குடும்பத்துக்கு 180 நிமிடம் வரை அனுமதி உண்டு. ஏ321 எக்ஸ்எல்ஆர் என்ற ரகம் பின்பக்கத்தில் 12,900 லிட்டர் டாங்கைச் சேர்த்துக்கொண்டு 8,700 கிலோமீட்டர் வரை போகும். ஐபீரியா 2024 நவம்பரில் அதை மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு விட்டது.

எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய கதை. 2009 முதல் 2020 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ், லண்டன் சிட்டி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்குக்கு ஏ318 ஓட்டியது. மொத்தமே 32 சீட். அங்கே ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர்தான், முழு எரிபொருளோடு எழும்ப முடியாது. குறைவாக நிரப்பிக்கொண்டு அயர்லாந்தின் ஷானனில் இறங்கி, மிச்சத்தை நிரப்பும் நேரத்தில் பயணிகளின் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையையும் முடித்துவிடுவார்கள். திரும்பும்போது நிற்காமல் நேராக வரும்.

ஏ320-இல சீட் பார்த்துப் போட்டேன், கடைசியில வேற விமானம் வந்து என் சீட்டை மாத்திட்டாங்க. ஏன்?

ஒரு விமானம் பழுதானால் கையில் இருக்கும் அடுத்ததை அனுப்புவார்கள். முதல் கேள்வியில் சொன்னபடி பைலட் மாறத் தேவையில்லை என்பதால் ஏ320-க்குப் பதில் ஏ321 வருவது சர்வசாதாரணம். இரண்டிலும் கதவுகள் இருக்கும் இடம் வேறு, அதனால் கால் நீட்ட இடமுள்ள வரிசையின் எண்ணும் மாறிவிடும். கூடுதல் பணம் கட்டி வாங்கிய சீட் என்றால் நிறுவனத்திடம் கட்டாயம் கேளுங்கள்.

இருபது வருஷப் பழைய விமானத்துல ஏறலாமா?

வயதைவிட எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு உடம்பு ஊதிச் சுருங்குகிறது. ஏ320-ஐ முதலில் 48,000 பறப்புக்கு வடிவமைத்தார்கள். கூடுதல் சோதனைகளும் மாற்றங்களும் செய்து 60,000 வரை நீட்டியிருக்கிறார்கள். கிழிந்த சீட் உறையையும் மங்கிய ஜன்னலையும் வைத்து எடை போடாதீர்கள். அது மறுபடி நிறுவனத்தின் விஷயம்.

பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் படத்துல ஏ320-க்குச் சக்கரம் அதிகமா தெரியுதே, படம் தப்பா?

படம் சரி. வழக்கமான ஏ320-இல் ஒவ்வொரு பின்காலுக்கும் இரண்டு சக்கரம். 1989-இலிருந்து இந்தியன் ஏர்லைன்ஸ் வாங்கியவற்றில் நான்கு. பலம் குறைந்த ஓடுபாதைகளில் எடையைப் பரப்பி இறக்குவதற்காகக் கேட்டு வாங்கினார்கள். கூடுதல் சக்கரமும் பிரேக்கும் சேர்ந்தால் எடை கூடும், மாற்ற வேண்டிய டயரும் கூடும். வேறு எந்த நிறுவனமும் அதைக் கேட்டு வாங்கவில்லை.